வாயிலைத் திறவுங்கள்!

கல்வி யாவர்க்கும் பொது என்று மேடையிலே முழங்காத தலைவர் இல்லை. அறிக்கையிலே எழுதாத அமைச்சும் இல்லை. ஆயின் வன்னிப் பெருநிலத்திலே கல்வியின் தலைவாயில் இன்று எங்கே இருக்கிறது என்பதை இவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா என்று நாம் கேட்கிறோம். முன்னொரு காலத்தில் அவ்வாயில் பாடசாலையின் படலையாக இருந்தது. இன்று அது இணையத்தளமாக மாறிவிட்டது. பரீட்சைப் பெறுபேறு இணையத்திலே வருகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் இணையத்தின் வழியே செல்கிறது. பாடக் குறிப்பும் மாதிரி வினாத்தாளும் கைத்தொலைபேசியிலே வந்து சேருகின்றன. இந்த வாயில் ஒருவருக்குத் திறவாதெனில், உள்ளே எழுப்பிய மாடமும் மண்டபமும் அவருக்கு யாது பயன் தரும்?

2009ஆம் ஆண்டு மே மாதம் போர் ஓய்ந்தபின் வன்னியிலே எத்தனையோ கட்டடங்கள் எழுந்தன. ஏ9 வீதி செப்பனிடப்பட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குப் புகைவண்டி மீண்டும் வந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014இல் தொடங்கிற்று. விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் அவ்விடத்திலேயே அமைந்தன. இலங்கை-ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் அங்கே 2016இல் திறக்கப்பட்டது. 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கிய வவுனியா வளாகம், 2021 ஆகஸ்ட் முதலாம் நாள் வவுனியாப் பல்கலைக்கழகம் எனத் தனித்து நின்றது. இவையெல்லாம் பெருமைக்குரியன. மறுப்பார் எவருமில்லை.

ஆனால் அதே போர் இம்மண்ணிலே எழுதிவிட்டுப் போன வேறொரு கணக்கும் உண்டு. எறிகணை பறித்த கண்கள் எத்தனை! மிதிவெடி பறித்த கால்கள் எத்தனை! குண்டோசையிலே செவிப்புலன் இழந்த பிள்ளைகள் எத்தனை! முள்ளந்தண்டு வடம் அறுபட்டுச் சக்கர நாற்காலியிலே அமர்ந்தோருக்கென மாங்குளத்திலே உயிரிழை என்னும் அமைப்பே தோன்ற வேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 8.7 விழுக்காட்டினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்வையிலோ செவியிலோ நடையிலோ வேறொன்றிலோ இடர்ப்பாடு உடையவர்கள். இது முழு நாட்டுக்குமான சராசரி. போர் கடைசி நாள்வரை நின்றெரிந்த நிலத்துக்கு இந்தச் சராசரியைக் காட்டி, "இங்கே இத்தகையோர் சிலரே" என்று ஆறுதல் சொல்ல எவருக்கு வாய் வரும்?

இம்மக்களுக்கு நம் கல்விக்கூடங்கள் இணையத்தின் வாயிலைத் திறந்து வைத்துள்ளனவா? இதுவே நம் வினா.

விழிப்புலனற்ற மாணவர் கணினியைக் கையாள்வது எங்ஙனம் என்பதை அறியாதோர் இன்னும் உளர். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள், திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கி அவர் செவியிலே சொல்லும். அவுஸ்திரேலியாவிலே விழிப்புலனற்ற இளைஞரான மைக்கல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் டோக்பேக் என்னும் திரைவாசிப்பான் முன்னரே பொருந்தி வருகிறது. தமிழை ஒலிக்கும் குரலும் கிடைக்கிறது. ஆகவே கருவி இல்லை என்ற பேச்சு இனிச் செல்லாது. கருவி ஆயத்தமாகக் காத்து நிற்கிறது. அது வாசிப்பதற்கு எழுத்து வேண்டுமே! அந்த எழுத்தை அல்லவா நம்மவர் ஒளித்து வைத்திருக்கிறார்கள்!

எவ்வாறு ஒளித்தார்கள் என்பதைச் சொல்வோம். பாமினி என்னும் எழுத்துரு ஈழத்துத் தமிழ் அச்சுக்கு ஒரு காலத்தில் நற்றொண்டு புரிந்தது. அத்தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதன் இயல்பை அறிய வேண்டும். ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தும் ஏற்பாடு அது. கண்ணுக்குத் தமிழ், கணினியின் வயிற்றிலே ஆங்கிலம். "தமிழ்" என்னும் சொல்லைப் பாமினியிலே தட்டினால், கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. "அம்மா" என்று தட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் உள்ளதை உள்ளபடி சொல்லும் கருவியாதலின், அந்த ஆங்கில எழுத்துக் குப்பையையே மாணவர் செவியிலே கொட்டுகிறது. தாய்மொழியிலே எழுதப்பட்ட அறிவித்தல் தாய்மொழி அறிந்தவருக்கே விளங்காமற் போகும் விந்தையை வேறெங்கே காண்போம்?

மற்றொரு வழக்கம் இதனினும் கொடிது. சுற்றுநிருபத்தைக் கணினியிலே தட்டுவார்கள், தாளிலே அச்சிடுவார்கள், ஒப்பமிட்டு முத்திரை குத்துவார்கள், பின்னர் அத்தாளைப் படம்பிடித்துப் பி.டி.எப். ஆக்கி இணையத்திலே ஏற்றுவார்கள், அல்லது வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார்கள். எழுத்தாய்ப் பிறந்தது படமாய்ச் சாகிறது. படத்திலே திரைவாசிப்பானுக்குச் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. "படம்" என்று மட்டும் கூறிவிட்டு அது மௌனமாகிறது. அந்த மௌனத்துக்குள்ளே விண்ணப்ப முடிவுத் திகதி இருக்கலாம். புலமைப்பரிசில் அறிவித்தல் இருக்கலாம். ஓர் இளம்பெண்ணின் எதிர்காலமே இருக்கலாம்.

எந்த அலுவலகம், எந்தக் கல்லூரி என்று நாம் பெயர் சுட்டப் போவதில்லை. வாசகர் தாமே சோதித்துக் கொள்ளட்டும். உங்கள் பிள்ளையின் பாடசாலையிலிருந்து கடைசியாக வந்த அறிவித்தலைக் கைத்தொலைபேசியிலே திறவுங்கள். அதிலே ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பிடித்து நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது எழுத்து. ஆங்கிலக் குப்பையாய் வந்தால் அது பாமினி. சொல் பிடிபடவே இல்லையெனில் அது படம். இந்த அரை நிமிடச் சோதனையிலே தேறும் அறிவித்தல்கள் பத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை நம் கல்வி நிருவாகத்தின் மனச்சாட்சிக்கு இட்ட புள்ளி.

இதற்கு மாற்று இல்லாமலா போயிற்று? உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனிக் குறியெண் வழங்கும் ஒருங்குறி முறையின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதிலே இடமிருந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் எண்ணோடு கணினித் தமிழுக்கான தரத்தை வெளியிட்டது. பாமினியில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றுவதற்கு எடுக்கும் நேரம் ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரங்கூட இல்லை. தரம் உண்டு; கருவி உண்டு; மனம் மட்டுமே இல்லை!

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தை நாம் மறந்துவிட்டோமா? விளங்காத மொழியிலே கடிதம் வந்து வீட்டுத் திண்ணையிலே கிடந்த காலத்தை நம் மூத்தோர் அறிவர். எவரையேனும் பிடித்து வாசித்துக்கொள்ளட்டும் என்ற ஆள்வோரின் அலட்சியத்தைக் கண்டு கொதித்த இனம் இது. மொழியுரிமை என்றால் யாது? என் அரசு என்னோடு பேசுவதை நான் பிறர் தயவின்றி அறியும் உரிமை. அவ்வுரிமைக்காகத் தெருவிலே அமர்ந்த மக்களின் வழிவந்த அலுவலர்கள், இன்று விழிப்புலனற்ற தமிழ் மாணவருக்குச் சொல்லும் விடை என்ன? "பக்கத்திலே உள்ளவரைக் கொண்டு வாசித்துக்கொள்." கொழும்பிலிருந்து வந்தபோது அநீதியாகத் தோன்றியது, நம் மேசையிலிருந்து செல்லும்போது நிருவாக நடைமுறையாகி விடுமோ?

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் விழிப்புலனற்ற மாணவி ஒருத்தி உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளது பெறுபேற்றை அவளுக்கு முன்னே அயலவர் அறிகின்றனர். அவளது விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்புகின்றனர். அவளது கடவுச்சொல்லும் அடையாள அட்டை எண்ணும் கடைக்காரர் கையிலே கிடக்கின்றன. பத்தாண்டு முயன்று படித்தவளுக்குத் தன் புள்ளியைத் தானே முதலில் அறியும் உரிமைகூட இல்லை. இதற்குப் பெயர் உதவியன்று, பறிப்பு என்போம்.

உலகம் இவ்விடயத்திலே எங்கே நிற்கிறது? உலகளாவிய வலையை 1989இல் முன்மொழிந்த டிம் பேர்னர்ஸ்-லீ பின்னர் நிறுவிய வலைக் கூட்டமைப்பு, யாவரும் அணுகத்தக்க வலைப்பக்கம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான நெறிகளை 1999இலேயே வகுத்தது. 2008இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2018இலும் 2023 ஒக்டோபரிலும் அது மேலும் விரிந்தது. அந்நெறிகளின் அடிப்படை நான்கு: பக்கத்தில் உள்ளது உணரத்தக்கதாய் இருக்க வேண்டும், இயக்கத்தக்கதாய் இருக்க வேண்டும், விளங்கத்தக்கதாய் இருக்க வேண்டும், எக்கருவியிலும் நிலைத்து இயங்குவதாய் இருக்க வேண்டும். இவற்றுள் மாயம் ஏதுமில்லை. படத்துக்குப் பக்கத்தில் அதை விளக்கும் சொற்றொடர் இடு. தலைப்பைத் தலைப்பென்றே கணினிக்குக் குறித்துச் சொல். சுட்டியைப் பிடிக்கக் கையில்லாதவர் விசைப்பலகையாலேயே முழுப் பக்கத்தையும் இயக்க வழிசெய். பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையிலே ஒளிவேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறையாதிருக்கட்டும். காணொளிப் பாடத்துக்குக் கீழே எழுத்துரை ஓடட்டும். பாடசாலையிலே கணினி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஒரு வார முயற்சியிலே கற்றுக்கொள்ளக்கூடிய அடிப்படைகள் இவை.

சட்டத்தின் நிலையையும் பார்ப்போம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடை செய்தது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை யாவரும் சமம் என்கிறது. வலுவிழந்தோரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யவும் அது இடந்தருகிறது. பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கலாநிதி அஜித் சீ.எஸ். பெரேரா தொடுத்த வழக்கிலே உயர் நீதிமன்றம் 2011இல் அவ்விதிகளுக்கு வலுவூட்டியது. 2016 பெப்ரவரியில் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. அச்சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை இணையத்தை வெளிப்படையாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 24ஆம் உறுப்புரை கல்வியைப் பற்றியது. கொழும்பு கையொப்பமிட்டது, கிளிநொச்சியிலே அக்கையொப்பத்தின் நிழலாவது விழுந்ததா?

அண்டை நாட்டைப் பாருங்கள். வங்கிக் கணக்குத் திறக்க வேண்டுமாயின் இமைத்துக் காட்டு என்று கணினி கேட்க, அமில வீச்சினால் இமைக்க இயலாத பெண்ணொருவர் நீதி கேட்டுச் சென்றார். விழிப்புலனற்றவர் ஒருவரும் அவ்வாறே சென்றார். இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரில் 30இல், டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. வாழ்வுரிமை என்ற சொல்லைக் கவனியுங்கள். சலுகை என்று அந்நீதிமன்றம் சொல்லவில்லை.

இனி, நமக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களை எடுத்துக்கொள்வோம்.

"முதலிலே வகுப்பறையும் குடிநீரும், பின்னரே இணையம்" என்கின்றனர் சிலர். வகுப்பறை வேண்டும், குடிநீர் வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பதிலே நாம் எவர்க்கும் பின்னிற்பவரல்லர். ஆனால் சாய்தளம் கட்டுவதற்குச் சீமெந்து வேண்டும். எழுத்தை எழுத்தாகவே இடுவதற்கு எத்தனை மூடை சீமெந்து வேண்டும்? செலவில்லாத நீதியைச் செலவுள்ள நீதியின் பின்னே வரிசையிலே நிறுத்துவது ஏன்?

"சில பேருக்காக இத்தனை பாடா?" என்கின்றனர் வேறு சிலர். சில பேரே என்பதை எவர் எண்ணினர்? வாயில் மூடியிருக்கும் வீட்டிற்குள் விருந்தினர் குறைவாயிருப்பதிலே வியப்பென்ன? அதுவும் நிற்க. இவ்வொழுங்கினாலே பயனடைவோர் வன்னி மக்கள் அனைவருமே. ஒரு பக்கத் தமிழ் எழுத்து ஒருங்குறியிலே பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதையே படமாக்கினால் பல நூறு கிலோபைட்டாக வீங்கும். துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் சமிக்ஞை ஏறி இறங்கும் கைத்தொலைபேசியிலே, எண்ணியெண்ணி வாங்கிய டேட்டாவிலே, எது வந்து சேரும்? 2020 மார்ச்சில் கொரோனாவினாலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பு கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. சமிக்ஞை தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளை நாடு கண்டது. அப்பிள்ளைகளுக்கு இலேசான பக்கம் கருணையன்று, பாடமே அதுதான். எழுத்தாய் இட்ட அறிவித்தலைத் தேடுபொறி கண்டெடுக்கும். படத்தையும் பாமினியையும் அவ்வாறு தேடியெடுப்பது அரிது. காணொளியின் எழுத்துரையைச் செவிப்புலனற்ற பிள்ளை மட்டுமா வாசிக்கும்? இரைச்சல் நிறைந்த சிறு வீட்டிலே ஒரே தொலைபேசியை மூவர் பகிர்ந்து படிக்கும் பிள்ளைகளும் வாசிப்பர்.

"அத்தனை கட்டுப்பாடு விதித்தால் ஒன்றையுமே இணையத்தில் இடாமல் விட்டுவிடுவோம்" என்று அச்சுறுத்துவோரும் உளர். இத்தகைய செயலை உலகம் முன்னரே கண்டிருக்கிறது. அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகம், பொதுமக்களுக்கு இட்டிருந்த காணொளி விரிவுரைகள் செவிப்புலனற்றோர்க்குப் பயன்படும் வகையில் இல்லையென அரசு 2016இல் சுட்டியபோது, 20,000க்கு மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளை 2017இல் பொதுப்பார்வையிலிருந்து நீக்கிவிட்டது. முடிவு என்னாயிற்று? 2022இல் இணக்கத் தீர்வுக்கு உடன்பட்டு, தன் இணைய உள்ளடக்கத்தைச் சீர்செய்ய ஒப்புக்கொண்டது. ஊருக்குப் பொதுவான கிணற்றிலே எல்லோரும் நீர் அள்ளப் படி கட்டு என்றால், கிணற்றைத் தூர்ப்பேன் என்பது அறிவுடையோர் செயலாகாது.

இன்னொரு பொறியையும் எச்சரிக்கின்றோம். பக்கத்தின் ஓரத்திலே ஒரு பொத்தானை ஒட்டிவிட்டால் போதும், தளம் முழுவதும் தானே சீராகிவிடும் என்று விற்கும் வணிகர் உளர். அவ்வாறு கூறி விற்ற அக்செசிபி என்னும் நிறுவனம் பொய்யான உரிமைகோரல் செய்தது என்று குற்றஞ்சாட்டிய அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, அது 10 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமென 2025இல் பணித்தது. பொத்தானுக்குப் பணம் கொடுத்து நாடா வெட்டிப் புகைப்படம் எடுக்க நம்மவர் முந்துவர் என்பதை நாம் அறிவோம். கணினி வழங்கும் விழாக்களைக் கண்டு சலித்த கண்கள் நம்முடையவை. விழா முடிந்தபின் துணிபோர்த்திய கணினி அறையைத் திறந்து பார்க்க எந்தத் தலைவரேனும் மீண்டும் வந்ததுண்டோ?

ஆகவே நாம் கேட்பவை இவை.

வடமாகாணக் கல்வி அமைச்சும் வன்னியின் வலயக் கல்விப் பணிமனைகளும், இனி ஒருங்குறித் தமிழிலன்றி எவ்வறிவித்தலையும் வெளியிடுவதில்லை என ஒரே ஒரு சுற்றுநிருபத்தால் முடிவு செய்யட்டும். அந்தச் சுற்றுநிருபமும் படமாக வராதிருக்கட்டும்! ஒப்பமும் முத்திரையும் வேண்டுமெனில் படத்தோடு எழுத்து வடிவத்தையும் சேர்த்து அனுப்பட்டும். 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காய் ஆளுநரும் அலுவலருமே நிருவாகத்தை நடத்தினர். தேர்ந்த சபை இல்லை என்பது இக்கடமைக்குச் சாக்காகாது. ஓர் அதிகாரியின் பேனா முனை போதும்.

மாணவர் நிரப்பும் ஒவ்வொரு விண்ணப்பமும் வெளிவருமுன்னே, விழிப்புலனற்ற ஒருவரும் கையியக்கம் குறைந்த ஒருவரும் அதைச் சோதிக்கட்டும். அவர்களுக்கு உரிய ஊதியம் வழங்கப்படட்டும். தம் வாயில் திறந்திருக்கிறதா என்பதை அவர்களைவிட நன்கறிந்தோர் எவர்?

வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் அறிவியல் நகரின் பீடங்களிலும் கணினி பயிலும் இளைஞர்களுக்கு, அணுகத்தக்க வலைப்பக்கம் அமைத்தல் விருப்பப் பாடமாய் ஓரத்திலே நில்லாமல், முதற் பாடங்களுள் ஒன்றாகட்டும். ஒவ்வோர் அணியும் வன்னியின் ஒரு பாடசாலைத் தளத்தை எடுத்துச் சீர்செய்து கொடுக்கட்டும். தன்னார்வலர் கூடி 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்தின் எழுத்துச் செல்வத்தைக் காத்து வருவதை நாம் கண்முன்னே காண்கிறோம். ஊர் கூடினால் தேர் நகரும் என்பதற்கு அதுவே சான்று.

பெற்றோர்க்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலே உள்ளது. உங்கள் வலயம் கடந்த ஓராண்டிலே வெளியிட்ட அறிவித்தல்களுள் எத்தனை எழுத்தாய் வந்தன, எத்தனை படமாய் வந்தன என்று எழுதிக் கேளுங்கள். புலம்பெயர்ந்து வாழும் உறவுகளே, நீங்கள் அனுப்பும் நிதியோடு இந்த நிபந்தனையையும் சேர்த்து அனுப்புங்கள்: எம் பணத்தில் எழும் எத்தளமும் எவர்க்கும் திறந்திருக்க வேண்டும்.

இரத்மலானையிலே விழிப்புலனற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்கும் பாடசாலை தோன்றியது 1912இல். அதன்பின் கைதடியிலே நவீல்ட் பாடசாலை எழுந்தது. புள்ளி எழுத்தைத் தடவிக் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் பல்லாண்டு உழைத்த காலம் அது. அக்காலத்திலே தடை பெரிது. மனம் அதனினும் பெரிதாயிருந்தது. இன்று தடை ஒரு விசைத் தட்டலின் அளவாய்ச் சுருங்கிவிட்டது. மனமும் அதனோடு சுருங்கிப் போகலாமா?

கண்ணையும் காலையும் இம்மண்ணுக்கு ஈந்தவர்களுக்குச் சிலை எழுப்பவும் விழா எடுக்கவும் நாம் ஆயத்தமாயிருக்கிறோம். அவர்கள் கேட்பது சிலையன்று. தம் பெயருக்கு வந்த கடிதத்தைத் தாமே வாசிக்க விரும்புகிறார்கள். அதைக்கூடக் கொடுக்க மறுக்கும் கல்விக்கூடம், தன் முகப்பிலே பொறித்திருக்கும் கல்வி வாசகங்களை முதலிலே அழித்துவிடட்டும். அழிக்க மனமில்லையெனில், வாயிலைத் திறக்கட்டும்.